ஒரே அச்சில் வார்த்த இரண்டு குளவிகள்: பெயர் சொல்ல எந்த வழி?

டிரைக்கோகிரம்மா குளவியின் நீளம் சுமார் அரை மில்லிமீட்டர். இந்த வாக்கியத்தின் முடிவில் இருக்கும் புள்ளியின் மேல் அது வந்து உட்கார்ந்தால், புள்ளி கொஞ்சம் பெருத்துவிட்டது என்றுதான் நினைப்பீர்கள். இந்தப் பேரினத்தில் 200க்கும் மேற்பட்ட இனங்களுக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். எல்லாமே மற்ற பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிட்டு வளர்பவை. பெரும்பாலானவற்றுக்குச் சிவந்த கண், மஞ்சளும் பழுப்பும் கலந்த உடம்பு. இரண்டு இனங்களின் பெண்களை ஒரே தட்டில் போட்டு, இதில் எது எது என்று கேட்டால், காலமெல்லாம் இதே வேலையாக இருப்பவர்கூடக் கையை விரிப்பார்.

ஒட்டுண்ணிக் குளவிகளை வளர்ப்பவர்கள், புழுவைப் பிடித்து வந்து டப்பாவில் வைத்து அதிலிருந்து குளவி வெளிவருவதைப் பார்ப்பவர்கள், ஒரு பூச்சிக்கு எதிராக வேறு நாட்டிலிருந்து குளவி கொண்டுவர நினைப்பவர்கள் என எல்லோரும் ஒரு நாள் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்கிறார்கள். போக நான்கு வழி உண்டு: உருவத்தைப் பார்ப்பது, டி.என்.ஏ.வைப் படிப்பது, இணைசேர்த்துப் பார்ப்பது, எதில் வளர்ந்தது எப்படி வாழ்கிறது என்று கவனிப்பது. இதில் எதைப் பிடிப்பது என்பதுதான் விஷயம்.

பெயர் தப்பினால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்பவர்களுக்கு ஒரு பழைய கதை. கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைச் சிவப்புச் செதில் பூச்சி வாட்டியது. ஆசியாவில் அதே பூச்சியைச் சின்ன மஞ்சள் குளவிகள் தாக்குவது தெரிந்தும், நெடுங்காலம் யாரும் அவற்றைக் கொண்டுவர மெனக்கெடவில்லை. 'இது நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அஃபைட்டிஸ் கிரைசோம்ஃபாலிதானே' என்று ஒதுக்கிவிட்டார்கள். உண்மையில் அதற்குள் வேறு இனங்கள் ஒளிந்திருந்தன. 1940களின் கடைசியில் சீனாவிலிருந்து அஃபைட்டிஸ் லிங்னானென்சிஸ் வந்தது. 1956-57இல் இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் அஃபைட்டிஸ் மெலினஸ் வந்தது. கடலோரம் தாண்டிய உட்பகுதிகளில் மெலினஸ் மற்ற இரண்டையும் ஓரங்கட்டிவிட்டு, இன்றுவரை அங்கே முக்கியமான குளவியாக இருக்கிறது. மூன்றையும் ஒன்றென்று நினைத்ததற்குக் கொடுத்த விலை பல பத்தாண்டுகள்.

கண்ணை நம்பலாமா?

நம்பலாம், எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தால். டிரைக்கோகிரம்மாவில் அந்த இடம் எது என்பது 1960களின் கடைசிவரை யாருக்கும் பிடிபடவில்லை. அதுவரை நிறத்தையும் ஆண் உணர்கொம்பில் உள்ள முடிகளின் நீளத்தையும் வைத்துப் பிரித்தார்கள். இரண்டுமே ஏமாற்றுக்காரக் குணங்கள். குளிரில் வளர்ந்த குளவி கருத்துப்போகும், வெப்பத்தில் வளர்ந்தது வெளுத்திருக்கும். சின்ன முட்டையில் வளர்ந்தது சின்னதாகவே இருக்கும். இதன் உச்சம் டிரைக்கோகிரம்மா செம்ப்ளிடிஸ். அந்துப்பூச்சி முட்டையில் வளர்ந்த ஆணுக்கு இறக்கை இருக்கும். ஆல்டர் ஈயின் முட்டையில் வளர்ந்தால் இறக்கையே இருக்காது, உணர்கொம்பும் வேறு மாதிரி. இது 1937லேயே தெரிந்துவிட்டது. இரண்டையும் அருகருகே வைத்தால் வேறு வேறு இனம் என்று சத்தியம் செய்வீர்கள்.

பெங்களூரில் பணியாற்றிய சுதா நாகர்கட்டியும் எச். நாகராஜாவும்தான் இந்தச் சிக்கலை அவிழ்த்தார்கள். ஆண் பிறப்புறுப்பின் வடிவம் இனத்துக்கு இனம் மாறுகிறது, வளர்ப்பு மாறினாலும் அது அசைந்து கொடுப்பதில்லை என்று 1968இலும் 1971இலும் எழுதிய கட்டுரைகளில் காட்டினார்கள். அதற்குப் பிறகு டிரைக்கோகிரம்மா வகைப்பாடு அடியோடு மாறியது. பழைய ஆய்வுகளில் 'மினூட்டம்' என்றும் 'எவனெசென்ஸ்' என்றும் எழுதி வைத்ததில் எத்தனை உண்மையிலேயே அவை என்று இப்போது சொல்வது கடினம். பிறகு எடுத்துப் பார்க்க ஒரு குளவியைக்கூடச் சான்று மாதிரியாக வைக்காமல் போனவர்களின் முடிவுகள் அந்தரத்தில் தொங்குகின்றன.

ஆனால் இந்த வழிக்குக் கைப்பழக்கம் வேண்டும். ஆல்கஹாலில் இருக்கும் ஆணை எடுத்து, 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவிட்டால் உள்ளே உள்ள தசை கரைந்து கண்ணாடிபோல் ஆகும். தண்ணீரில் கழுவி, படிப்படியாக வலுவான ஆல்கஹாலுக்கு மாற்றி, கிராம்பு எண்ணெயில் தெளியவைத்து, கனடா பால்சத்தில் ஸ்லைடு போட வேண்டும். முதுகுப்பக்கம் மேலே இருக்க வேண்டும். ஒருக்களித்துக் கிடந்தால் பிறப்புறுப்பின் மேல்தகடு அகலமா குறுகலா என்று தெரியாது. அது தெரியாவிட்டால் கேள்வி கேள்வியாகப் போய் இனத்தைக் கண்டுபிடிக்கும் திறவுகோலில் நான்காவது கேள்வியிலேயே நின்றுவிடுவீர்கள். கவர்ஸ்லிப்பை இறக்கும்போது வரும் காற்றுக்குமிழி, எப்போதும் பார்க்க வேண்டிய இடத்தில்தான் போய் உட்காரும். அவசரக்காரர்கள் ஹாயர் கலவையில் போடுவார்கள். அன்றைக்கே பார்த்துவிடலாம், ஆனால் சில ஆண்டுகளில் கருத்துவிடும் அல்லது படிகமாகிவிடும். அடையாளம் பார்த்துவிட்டுத் தூக்கிப்போடத் தயார் என்றால் ஹாயர் சரி. பத்திரப்படுத்துவதற்கென்றால் பால்சம்தான்.

எல்லாக் குளவிக்கும் ஆணின் பின்பக்கத்தைத் தோண்ட வேண்டியதில்லை. அசுவினியைத் தாக்கும் அஃபிடியஸ் குளவிகளில் இடுப்புக்காம்பின் பக்கவாட்டில் இருக்கும் வரிகள் நெருக்கமா அகலமா என்று பார்ப்பார்கள். உணர்கொம்புக் கணுக்களை எண்ணுவார்கள். மாவுப்பூச்சியைத் தாக்கும் அனகைரஸில் பெண் உணர்கொம்பின் நடுத்தண்டில் முதல் கணு எந்த அளவுக்குக் கறுப்பு, எந்த அளவுக்கு வெள்ளை என்பது முக்கியம். அஃபைட்டிஸில் முழு வளர்ந்த குளவியைவிடக் கூட்டுப்புழு உதவும்: அதன் வயிற்றுப்பக்கத்தில் கறுப்பு நிறம் எங்கே படிந்திருக்கிறது என்று, குளவி வெளிவருவதற்கு முன்னரே பார்த்துக் குறித்துவிடலாம். வெளிவந்த பிறகு அந்தக் குறிப்பு போனது போனதுதான். இன்னொரு வேடிக்கையான வழியும் உண்டு. கண்ணாடிபோன்ற இறக்கையைக் கறுப்புப் பின்னணியில் வைத்தால், சோப்புக் குமிழியில் தெரிவதுபோல் நிறப்பட்டைகள் தெரியும். இறக்கைச் சவ்வின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவதால் வருவது அது. சில பேரினங்களில் அந்தக் கோலமே இனத்துக்கு இனம் வேறுபடுவதாக 2011இல் காட்டினார்கள். பார்க்க அழகு. தனியாக அதை மட்டும் நம்பி நான் பெயர் எழுத மாட்டேன்.

உருவ வழியின் பெரிய ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. ஆண் பிறப்புறுப்பு வேண்டும் என்கிறோம், ஆணே இல்லாவிட்டால்? டிரைக்கோகிரம்மாவில் சில வளர்ப்புகளில் பெண்ணுக்குப் பெண்ணே பிறந்துகொண்டிருக்கும். பல சமயம் இதற்குக் காரணம் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா. அது குளவியின் உயிரணுவுக்குள் இருந்துகொண்டு, ஆணாக வேண்டிய கருவுறாத முட்டையையும் பெண்ணாக்கிவிடுகிறது. தேனில் ஆன்டிபயாடிக் கலந்து பெண்களுக்குக் கொடுத்தால் ஆண்கள் பிறக்கின்றன என்று 1990இல் நிரூபித்தார்கள். அதிக வெப்பத்தில் வளர்த்தாலும் அப்படி நடக்கும். ஆக, வளர்ப்பு உயிரோடு இருந்தால் ஆணை 'உண்டாக்கி' ஸ்லைடு போடலாம். ஆல்கஹால் குப்பியில் செத்த பெண்கள் மட்டும் இருந்தால் இந்தக் கதவு மூடியது.

டி.என்.ஏ.விடம் விட்டுவிட்டால்?

ஆண், பெண், புழு, உடைந்த கால் என்று எதைக் கொடுத்தாலும் பதில் வரும் என்பதுதான் இதன் கவர்ச்சி. வழக்கமாகப் படிப்பது சி.ஓ.ஐ. என்ற மைட்டோகாண்ட்ரியா மரபணுவில் 658 எழுத்துகள். இதைத்தான் பார்கோடு என்கிறார்கள். டிரைக்கோகிரம்மாவுக்கு ஐ.டி.எஸ்.2 என்ற உட்கருப் பகுதி நன்றாக வேலை செய்யும். அதன் நீளமே இனத்துக்கு இனம் மாறுவதால், சில ஜோடிகளை முழு வரிசையையும் படிக்காமல், டி.என்.ஏ. துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் பட்டை எங்கே நிற்கிறது என்று பார்த்தே பிரித்துவிடலாம். 1999இல் இதற்கென்றே ஒரு திறவுகோல் போட்டார்கள்.

டி.என்.ஏ. என்ன காட்டும் என்பதற்கு கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதியைச் சொல்ல வேண்டும். புழுக்களிலிருந்து வளர்த்தெடுத்த 2,597 மைக்ரோகேஸ்டர் துணைக்குடும்பக் குளவிகளை அங்கே பார்கோடு செய்தார்கள். கண்ணால் பார்த்துப் பிரித்தபோது 171 இனம் என்று இருந்தது, டி.என்.ஏ.வையும் எந்தப் புழுவில் வளர்ந்தது என்ற ஓம்புயிரிப் பதிவையும் சேர்த்துப் பார்த்தபோது 313 ஆனது. அபான்டிலீஸ் லூக்கோஸ்டிக்மஸ் என்று ஒரே பெயரில் இருந்தது மட்டும் 36 ஆகப் பிரிந்தது. ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வகைப் புழுக்களை மட்டும் தேடிப்போகிறவை. 2008இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, 'கண் போதும்' என்று அடித்துப் பேசியவர்களின் குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அதற்காக எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. 2021இல் அதே நாட்டுக் குளவிகளில் 403 புதிய இனங்களுக்கு, பெரும்பாலும் பார்கோடை மட்டும் வைத்து, மிகச் சுருக்கமான விவரிப்போடு பெயர் வைத்தார்கள். அது இன்னும் ஓயாத சண்டையைக் கிளப்பியது. எனக்கு அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பாதி நியாயம் தெரிகிறது. பெயரில்லாமல் லட்சக்கணக்கில் குளவிகள் கிடக்கும்போது வேகம் வேண்டும், சரி. ஆனால் மைக்ரோஸ்கோப் மட்டும் வைத்திருக்கும் ஒருவர் அந்தப் பெயரை எப்படிப் பயன்படுத்துவார்?

நடைமுறையில் என்னென்ன சறுக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மைட்டோகாண்ட்ரியா தாய்வழியாகத்தான் போகும், வோல்பாக்கியாவும் தாய்வழிதான். பாக்டீரியா ஒரு கூட்டத்தில் வேகமாகப் பரவினால், தன்னோடு ஒரு மைட்டோகாண்ட்ரியாவையும் இழுத்துக்கொண்டு போகும். விளைவு, இரண்டு இனங்கள் ஒன்றுபோலத் தெரியலாம், அல்லது ஒரே இனம் இரண்டாகத் தெரியலாம். அதனால்தான் சி.ஓ.ஐ.யோடு ஓர் உட்கருப் பகுதியையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். டி.என்.ஏ.வைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் பொதுவான பிரைமர் துண்டுகள் சில சின்னக் குளவிகளில் ஒட்டவே ஒட்டாது. சில சமயம் குளவியின் வரிசைக்குப் பதிலாக வோல்பாக்கியாவின் வரிசையே வந்து நிற்கும். குளவிப் புழுவை ஓம்புயிரிக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தால், அந்துப்பூச்சியின் வரிசை வந்து பல்லிளிக்கும். எல்லாம் சரியாக வந்தாலும், ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுத்தளத்தில் பெயரைப் போட்டவர் ஒரு மனிதர்தான். அவர் கண்ணால் தப்பாகப் பார்த்திருந்தால், 100 சதவீதம் பொருந்துகிறது என்று தப்பான பெயர் வரும்.

நான் முதன்முதலில் இதைச் செய்தபோது ஒற்றைப் பெண் குளவியை அப்படியே அரைத்துவிட்டேன். வரிசை அருமையாக வந்தது, எதோடும் பொருந்தவில்லை. புதிய இனமாக இருக்கலாம். ஆனால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு துளி சாந்துதான் இருந்தது. இப்போதெல்லாம் அரைப்பதில்லை. குளவியை முழுசாக என்சைம் கரைசலில் ஓரிரவு ஊறவைத்தால் டி.என்.ஏ. வெளியே வந்துவிடும், ஓடு அப்படியே நிற்கும். அதைக் கழுவி, அதே குளவியை ஸ்லைடு போடலாம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேலையில் பாதியை என்சைமே முடித்திருக்கும், அது கூடுதல் லாபம்.

இணைசேர்த்துப் பார்ப்பது

இனம் என்பதன் இலக்கணத்துக்கு மிக அருகில் போவது இதுதான்: இரண்டும் சேருமா, பிள்ளை பெறுமா? குளவிகளில் இதற்கு ஒரு வசதி உண்டு. கருவுறாத முட்டை ஆணாகும், கருவுற்ற முட்டை பெண்ணாகும். அதனால் மகள்களை எண்ணினால் போதும். மகள் பிறந்தால் விந்து வேலை செய்திருக்கிறது. எல்லாம் மகன்கள் என்றால் இணைசேர்க்கை நடக்கவில்லை, அல்லது நடந்தும் பலிக்கவில்லை.

கன்னிப் பெண்ணைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. நாசோனியா கிரால்டி போன்றவை ஈயின் கூட்டுக்குள்ளேயே உடன்பிறப்புகளோடு இணைசேர்ந்துவிட்டுத்தான் பெரும்பாலும் வெளியே வரும். எனவே கூட்டைப் பிளந்து, குளவிக் கூட்டுப்புழுக்களைப் பஞ்சு வைத்த குழாய்களில் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட வேண்டும். அப்புறம் இரண்டு திசையிலும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: இதன் ஆண் அதன் பெண், அதன் ஆண் இதன் பெண். கூடவே சொந்த இனத்துக்குள் சேர்த்த ஜோடிகளும் அதே நாளில் ஓட வேண்டும். இல்லாவிட்டால் மகள் பிறக்காததற்கு இனம் காரணமா, அன்றைய தட்பவெப்பம் காரணமா என்று தெரியாது.

நாசோனியாவைத்தான் இந்த வழியின் பலத்துக்கும் பலவீனத்துக்கும் சேர்த்து உதாரணமாகச் சொல்வேன். இந்தப் பேரினத்தில் உலகெங்கும் இருக்கும் விட்ரிபென்னிஸ் ஒன்றே ஒன்றுதான் என்று 1990வரை நினைத்தார்கள். அந்த ஆண்டு கிரால்டி, லாங்கிகார்னிஸ் என்று இரண்டு சேர்ந்தன. 2010இல் ஒனைடா நான்காவதாக வந்தது. விட்ரிபென்னிஸையும் கிரால்டியையும் சேர்த்தால் மகள் பிறப்பதில்லை. அப்படியானால் வேறு இனம் என்று முடிவு கட்டிவிடலாமா? ஆன்டிபயாடிக் கொடுத்து வோல்பாக்கியாவை ஒழித்துவிட்டுச் சேர்த்தால், கலப்பு மகள்கள் பிறக்கின்றன! முதல் சுவரைக் கட்டியது பாக்டீரியா. அடுத்த தலைமுறையில் கலப்பு ஆண்களில் கணிசமானவை செத்துப்போவதால், குளவிகளுக்கு இடையிலேயும் ஒரு சுவர் இருக்கத்தான் செய்கிறது. ஆக, மகள் பிறக்கவில்லை என்பதை மட்டும் பார்த்து முடிவெடுக்காமல், முதலில் வோல்பாக்கியா இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

மறுபக்கம், வேறு எந்த வழியும் கைகொடுக்காத இடத்தில் இது கைகொடுக்கும். வட அமெரிக்காவின் டிரைக்கோகிரம்மா மினூட்டமும் பிளாட்னெரியும் உருவத்தில் பிரிக்கவே முடியாதவை. சேர்த்துப் பார்த்துத்தான் அவை வேறு என்று சொன்னார்கள். இரண்டையும் ஒரே தோட்டத்தில் கலந்து விட்டால், பலிக்காத இணைசேர்க்கையில் பெண்களின் காலம் வீணாகும். வளர்ப்பவருக்கு இந்த ஒரு தகவல் போதும்.

ஒரு புழுவில் வளர்வது இன்னொன்றில் சாகும்

ஓம்புயிரியைக் குறித்து வைப்பதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். அதனாலேயே அதை அலட்சியம் செய்கிறோம். ஆப்பிரிக்காவின் கோட்டீசியா செசாமியே என்ற குளவி உருவத்தில் ஒன்றே. ஆனால் கென்யாவின் கடலோரத்திலிருந்து எடுத்த வளர்ப்பு, புஸ்ஸியோலா ஃபஸ்கா என்ற தண்டுத் துளைப்பான் புழுவில் முட்டையிட்டால், புழுவின் இரத்த அணுக்கள் முட்டையைச் சுற்றி உறைபோட்டுக் கொன்றுவிடும். உட்பகுதியிலிருந்து எடுத்த வளர்ப்பு அதே புழுவில் சுகமாக வளரும். பெயர் சரியாக இருந்தும் வளர்ப்பு தப்பாகப் போகக்கூடிய இடம் இது. அந்தக் கூட்டத்திலிருந்தே பின்னர் கோட்டீசியா டைஃபே என்ற தனி இனம் 2017இல் பிரிக்கப்பட்டது.

ஓம்புயிரியின் பெயரே தப்பாக இருந்தால் கதை கந்தல். ஆப்பிரிக்காவில் மரவள்ளியை மாவுப்பூச்சி அழித்துக்கொண்டிருந்தபோது, அதன் இயற்கை எதிரியைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த மாவுப்பூச்சியின் ஒட்டுண்ணிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பலிக்கவில்லை. காரணம், அது ஃபீனகாக்கஸ் ஹெர்ரெனி என்ற வேறு இனம். உடம்பு மஞ்சள், ஆண்களும் உண்டு. ஆப்பிரிக்காவில் இருந்ததோ மனிஹோட்டி. இளஞ்சிவப்பு, ஆணே கிடையாது. 1981இல் பராகுவேயில் மனிஹோட்டியே கிடைத்தது, அதோடு அனகைரஸ் லோபெஸி என்ற குளவியும். அதன் பிறகு நடந்தது உயிரியல் கட்டுப்பாட்டின் பெரிய வெற்றிகளில் ஒன்று.

ஓம்புயிரிச் சான்றை மட்டும் வைத்துப் பெயர் எழுதுவதை நான் ஏற்பதில்லை. 'காஞ்சொறிச் செடியின் அசுவினியில் வந்தது, எனவே அஃபிடியஸ் மைக்ரோலோஃபி. பட்டாணி அசுவினியில் வந்தது, எனவே எர்வி' என்று எழுதிவிட்டு, பிறகு 'மைக்ரோலோஃபி காஞ்சொறி அசுவினியில் மட்டும் வரும்' என்று முடிவு சொல்வது தன் வாலைத் தானே கடிக்கும் பாம்பு.

சரி, எதைப் பிடிப்பது?

வளர்ப்பில் வேறு இனம் புகுந்துவிட்டதா என்று மாதாமாதம் பார்ப்பவருக்கு ஸ்லைடே போதும். எந்த இரண்டுக்கு நடுவே குழப்பம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரியும். பத்து ஆண்களை ஹாயரில் போட்டு, ஒரு குணத்தைப் பார்த்தால் முடிந்தது. ஆணில்லா வளர்ப்பு என்றால் ஐ.டி.எஸ்.2 ஜெல்லுக்குப் போய்விடலாம். ஒவ்வொரு முறையும் பார்கோடு அனுப்புவது ஈயை அடிக்க உலக்கையைத் தூக்குவது.

வயலிலிருந்தும் காட்டிலிருந்தும் நூற்றுக்கணக்கில் குளவி வளர்த்தெடுப்பவர் முதலில் டி.என்.ஏ.வுக்குப் போகட்டும். அவருக்கு எதை எதோடு ஒப்பிடுவது என்றே தெரியாது. உடம்பைச் சேதமாக்காத முறையில் எடுத்து, கூட்டம் கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்திலிருந்தும் சில ஆண்களையும் பெண்களையும் வகைப்பாட்டு நிபுணரிடம் அனுப்பலாம். நிபுணருக்கு அனுப்பும்போது ஆல்கஹால் கலங்கிய ஒற்றைக் குளவியை அனுப்பி 'அவசரம்' என்று எழுதாதீர்கள். அவர்கள் எண்ணிக்கையில் குறைவு, வேலையில் அதிகம்.

புதிய இடத்துக்குக் குளவி கொண்டுபோகிறவருக்கு மட்டும் எந்தக் குறுக்கு வழியும் கிடையாது. நான்கையும் செய்யத்தான் வேண்டும், இணைசேர்ப்புச் சோதனை உட்பட. மாதக்கணக்கில் ஆகும். விட்ட குளவியைத் திரும்பப் பிடிக்க முடியாது என்பதை நினைத்தால் அந்த மாதங்கள் சிறியவை.

உருவமும் டி.என்.ஏ.வும் ஒத்துப்போகாதபோது என்ன செய்வது என்று கேட்பார்கள். முதலில் குப்பிகள் மாறிவிட்டனவா என்று பாருங்கள். பாதிக்குப் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். அப்புறம் உட்கருப் பகுதியைப் படியுங்கள், வோல்பாக்கியாவைத் தேடுங்கள். அதற்கும் பிடி கொடுக்காவிட்டால், வளர்ப்பு உயிரோடு இருக்கும்போதே சேர்த்துப் பாருங்கள். எதுவும் முடியவில்லை என்றால் இருக்கிற பெயரில் ஒன்றைப் பிடித்து ஒட்டாமல், 'இதற்கு அருகிலான இனம்' என்று சீட்டில் எழுதி வையுங்கள். அனகைரஸ் சூடோகாக்கைக்கு அருகிலான ஒரு குளவி பத்தாண்டுக்கும் மேலாக அப்படியே 'அருகிலான இனம்' என்ற பெயரில்தான் ஆய்வுக் கட்டுரைகளில் உலவியது. பிறகு விளாடிமிரி என்று பெயர் கிடைத்தபோது, அந்தப் பழைய கட்டுரைகள் எல்லாம் எதைப் பற்றியவை என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை.